மோட்டார்வேயில ஒரு சிப்ஸ் பாக்கெட்டு

1

ஏலே சுந்தரம், ஒனக்கு எதுக்குலே இந்த வேண்டாத ஆசை? காலண்டர் அடிச்சமா, பட்டாசுப் பொட்டிக்கு லேபிள் அடிச்சமான்னு இல்லாம, பங்குனிப் பொங்கல் மலர் போடுறோம், வெளிநாட்டு வாழ்க்கையப் பத்தி நாலு பக்கம் எழுதிக் குடுங்கத்தேன்னு போன் போடுத. நான் என்ன டீச்சரா? அஞ்சாங்கிளாசு பாதியில நின்னவ. கையெழுத்துப் போட்டாலே பாதி பேரு கோட்ட விட்டு எறங்கிப் போயிரும்.

சரி, அண்ணன் மகன் கேக்கானேன்னு நானும் ம்ம்னு சொன்னேன். போன வைக்கப் போகையில மெல்ல ஒரு கேள்வி போட்ட பாரு. ஆமாத்தே, கார்ல என்னமோ நடந்துச்சாமேன்னு. அதான் சங்கதி. ஒனக்கு வெளிநாடும் வேண்டாம், வாழ்க்கையும் வேண்டாம். என் மக செல்வி ஒன் பொண்டாட்டிகிட்ட அரைக்கதை சொல்லியிருக்கா, மீதி அரை வேணும் ஒனக்கு. இதுக்கு மலரு, பொங்கலுன்னு பூச்சுத்தல் வேற.

எழுதுறேன். ஆனா முழுசா அச்சடிக்கணும். எனக்கு நல்ல பேரு வரணும்னு எதையாவது வெட்டுன, ஊருக்கு வந்து ஒன் பிரஸ்ஸு வாசல்ல உக்காந்துக்கிருவேன்.

2

படிக்கிற மத்தவுகளுக்காகச் சொல்லிருதேன். எனக்குச் சொந்த ஊரு சிவகாசிக்குப் பக்கத்துல ஆனைக்குட்டம். முப்பது வருசம் பட்டாசுக் கம்பெனியில வேலை. வீட்டுக்காரரு போனப்புறம் மக என்னைய இங்கிலாந்துக்குக் கூட்டிக்கிட்டு வந்துட்டா. இந்தத் தை மாசத்தோட ஆறு வருசம். லெஸ்டர்னு ஊரு. மக ஆஸ்பத்திரியில நர்ஸு. மருமகன் கப்பல்ல வேலை, எப்பயாச்சும் வருவாரு. வீட்டுல செல்வி, பேத்தி காவ்யா, நானு.

வாழ்க்கை எப்படின்னா, ஒண்ணும் வெளங்கல. ஆறு வருசம் கழிச்சும் வெளங்கல. குப்பைக்கு மூணு டப்பா. இந்த வாரம் எந்தக் கலரு டப்பாவ வெளிய வைக்கணும்னு தெருவே எதுத்த வீட்டப் பாத்துத்தான் வைக்குது. ஒருநா வெளாட்டா நான் தப்பான டப்பாவ மொதல்ல உருட்டி வச்சேன். பத்து நிமிசத்துல வரிசையா எல்லாரும் அதையே வச்சுட்டாக. கடுகு வெடிச்சுப் பொகைஞ்சா, தீப்பிடிச்சாச் சொல்லுறதுக்கு மச்சுல மாட்டியிருக்குற வட்டம் வீல்னு கத்துது. வெடிமருந்துலயே வாள்ந்தவளுக்குக் கடுகுக்கு எச்சரிக்கை. நான் மொறத்தத் தூக்கிக்கிட்டு அதுக்குக் கீள நின்னு விசிறுறேன்.

ரோட்டப் பத்திக் கேட்டா அதவிடக் கூத்து. ஆரன் அடிக்கக் கூடாதாம், அடிச்சா ஏசுன மாதிரியாம். நம்ம ஊருல ஆரன் அடிக்காமப் போறவனத்தான் திமிரு பிடிச்சவன்னு சொல்லுவோம். மூணு மைலுக்கு ஆரஞ்சுக் கூம்ப நட்டு வச்சு ஒரு பக்கத்த அடைச்சிருக்காக. வேலை நடக்குதான்னு எட்டி எட்டிப் பாத்தேன், ஒரு மம்பட்டியக் கூடக் காங்கல. நடு ரோட்டுல வட்டம், அதத் தாண்டுனா இன்னொரு வட்டம். மொத வருசம் காவ்யா அப்பா கார்ல ஒரே வட்டத்த மூணு சுத்து சுத்துனாரு. கோயிலப் பிரதட்சணம் பண்ணுறாரு போலன்னு நான் கையெடுத்துக் கும்பிட்டுக்கிட்டேன்.

எல்லாத்தையும் விட எனக்குப் புரியாதது இந்த லைசென்ஸுதான். காவ்யாவுக்குப் பத்தொம்பது வயசு. டெஸ்ட்டுக்குத் தேதி கிடைக்கவே ஆறு மாசம். கத்துக்கிடுற காலத்துல மோட்டார்வேன்னு சொல்ற பெரிய ரோட்டுல பெத்தவ பக்கத்துல உக்காந்து கூட்டிக்கிட்டுப் போகக் கூடாது. சொல்லிக் குடுக்குற ஆளு, அவுக பக்கமும் ஒரு பிரேக்கு வச்ச கார்ல கூட்டிக்கிட்டுப் போனா மட்டும் சரி. இவளுக்குச் சொல்லிக் குடுத்தவருக்கு அதுக்கு நேரமில்ல. ஆனா டெஸ்ட்டு பாஸானா, அன்னைக்கு மத்தியானமே தன்னந்தனியா ஏறலாமாம். நேத்து வரைக்கும் ஆத்தாவோட போகக் கூடாத ரோட்டுக்கு இன்னைக்கு ஒத்தையில போகலாம். நான் நாலு பேருகிட்ட கேட்டுட்டேன். எல்லாரும் ஆமா அப்படித்தான்னு தலையாட்டுறாக. ஏன்னு ஒருத்தருக்கும் தெரியல.

3

காவ்யா பாஸாகி ரெண்டாவது வாரம் வேலைக்குக் கூப்புட்டாக. ஒரு ஆஸ்பத்திரி லேப்ல, ரத்தம் கித்தம் பாக்குற எடம். முப்பது மைல் தள்ளி. அடுத்த திங்கக்கிளமலருந்து காலையில ஏழு மணிக்கு அங்கன நிக்கணும். அந்நேரத்துக்குப் பஸ்ஸு கிடையாது. மோட்டார்வேயிலதான் போகணும், வேற வளியில சுத்துனா ரெண்டு மணி நேரம்.

செல்வி வேண்டவே வேண்டாம்னுட்டா. அவளும் ஊருக்குள்ள கார் ஓட்டுவா. ஆனா இருவது வருசமா இந்த மோட்டார்வேயில மட்டும் ஏறுனது இல்ல. எங்கன போனாலும் சந்து பொந்து, ஆட்டுக்கொட்டகைன்னு சுத்தித்தான் போவா. கேட்டா, எனக்குப் பதறும், நான் அப்படிப்பட்டவன்னு சொல்லுவா. அந்தப் பதட்டம் மகளுக்கும் இருக்கும்னு அவளுக்கு ஒரு நெனப்பு.

வாரம் பூரா வீட்டுல சண்டை. அவ இங்கிலீசுல கத்த, இவ தமிழுல கத்த, நடுவுல நான் ரெண்டு பேருக்கும் தோசை ஊத்திக்கிட்டு இருந்தேன். கடைசியில வெள்ளிக்கிளமை செல்வி எங்கிட்ட வந்து நின்னா.

"ஞாயித்துக்கிளம நீ அவகூட ஒருக்காப் போயிட்டு வாம்மா. கம்பெனியில எம்புட்டுப் புள்ளைகளப் பாத்திருக்க. பதறுறாளா இல்லையான்னு பாத்துச் சொல்லு. நீ ஆகாதுன்னா அந்த வேலை வேண்டாம்னு எழுதிப் போட்டுருவோம். ஆகும்னா நான் வாயத் தொறக்க மாட்டேன்."

காவ்யாவும் சரின்னுட்டா. அம்மாச்சி எம்பக்கம்தான்னு அவளுக்கு நம்பிக்கை. எனக்குப் பெரும. கார்ல பிரேக்கு எந்தக் காலுக்குன்னே இன்னும் கொளப்பம், என்னைய ஜட்ஜாக்கிட்டாக.

4

இங்கன கம்பெனியில நான் பாத்த வேலையப் பத்திச் சொன்னாத்தான் மிச்சம் புரியும். நம்ம பக்கத்து ஆளுகளுக்குத் தெரிஞ்சதுதான், இருந்தாலும் மலரு சென்னைக்கெல்லாம் போகும்னு சுந்தரம் சொல்லுதான்.

புதுசா வேலைக்கு வர்ற புள்ளையள மொதல்ல பேப்பர் செட்டுன்னு சொல்ற கொட்டகையிலதான் உக்கார வைப்பாக. அங்கன காகிதத்தக் குளாயா உருட்டுறது மட்டும்தான், வெடிமருந்து ஒரு பொட்டு இருக்காது. மருந்து செலுத்துற ரூமு தனியா தள்ளி இருக்கும். ஒரு ரூமுக்கு நாலு ஆளுதான், சுத்தி வாசலு, கால்ல செருப்புக் கிடையாது. ஒரு ரூமுக்கும் அடுத்த ரூமுக்கும் இம்புட்டு எடம் இருக்கணும்னு அளந்து கட்டியிருப்பாக. ஒண்ணு வெடிச்சுப் போனாலும் அடுத்தது நிக்கணும்.

பேப்பர் செட்டுலருந்து எந்தப் புள்ளைய மருந்து ரூமுக்கு எடுக்கலாம்னு போர்மேன் எங்கிட்டதான் கேப்பாரு. நான் என்ன செய்வேன், ஒரு பேப்பர்ப் பைய ஊதிக்கிட்டு, அந்தப் புள்ளை குனிஞ்சு உருட்டிக்கிட்டு இருக்கையில பின்னால போயி டப்புனு ஒடைப்பேன். தோளு தூக்கிப் போடலாம். வாயி கத்தலாம், என்னைய கண்டபடி ஏசலாம். கை மட்டும் நிக்கணும். கையில இருந்தத வீசிட்டு எந்திரிச்சா, நீ இங்கனயே உருட்டும்மான்னு விட்டுருவோம்.

இத மருந்து இல்லாத செட்டுல மட்டும்தான் செய்வேன். மருந்து ரூமுல வெளாட்டுக்கு ஒருத்தி டப்பா மூடியத் தட்டுனாக்கூட, அந்த நிமிசமே வெளிய போன்னுருவேன். கூடப் பொறந்தவளா இருந்தாலும் சரி.

5

ஞாயித்துக்கிளம பத்து மணிக்குக் கெளம்புனோம். காவ்யா பின்னால கண்ணாடியில பச்சை எளுத்து ஒட்டியிருந்தா, புது ஆளுன்னு தெரியுறதுக்கு. நான் மடியில ஒரு சிப்ஸ் பாக்கெட்டும் தண்ணி பாட்டிலும் வச்சுக்கிட்டேன். செல்வி வாசல்ல நின்னு கைய ஆட்டவே இல்ல.

ஏறுற எடமே நம்ம ஊருக்கு நேரெதிரு. நம்ம சாத்தூர் நாலுவளிச் சாலையில ஏறணும்னா வண்டிய நிப்பாட்டி, ரெண்டு பக்கமும் பாத்து, எதுக்க வர்ற மாட்டுக்கும் டிராக்டருக்கும் எடம் விட்டு, ஆரன அடிச்சுட்டு ஏறுவாக. இங்கன நிக்கக் கூடாதாம், நின்னாத்தான் ஆபத்தாம். ஓடுற லாரிகளுக்கு நடுவுல நம்மளும் ஓடிக்கிட்டே போயி நுளையணும். நான் முருகா முருகான்னு சீட்டப் பிடிச்சுக்கிட்டேன். அவ கண்ணாடியப் பாத்தா, தலையத் திருப்பிப் பாத்தா, சர்ருனு போயி ரெண்டு லாரிக்கு நடுவுல உக்காந்துட்டா. மூச்சு மட்டும் பெருசா விட்டா.

பயமா இருக்கான்னு கேட்டேன். "இருக்கு அம்மாச்சி. பேசாத"ன்னா.

நான் பாத்துக்கிட்டே வந்தேன். முன்னால போற லாரிக்கும் எங்களுக்கும் நடுவுல நல்லா எடம் விட்டுத்தான் வந்தா. பின்னால ஒருத்தன் எங்க வாலுல ஒட்டிக்கிட்டு வந்தான். என் மருமகனா இருந்தா இந்நேரம் வேகத்தக் கூட்டியிருப்பாரு. இவ கூட்டல, குறைக்கல. அவன் பொறுத்துப் பாத்துட்டுத் தாண்டிப் போனான். இவ அவனத் திரும்பிக் கூடப் பாக்கல. எனக்குக் கம்பெனியில ரூமுக்கும் ரூமுக்கும் விட்ட எடம் நெனவுக்கு வந்துச்சு. அத இவளுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?

அந்த எடத்துலயே எனக்குத் தெரிஞ்சு போச்சு சுந்தரம். இவ ஆகும். இதத்தான் நீ கவனமாப் படிக்கணும். எனக்குத் தெரிஞ்சு போச்சு.

அதுக்கு அப்புறமும் நான் சிப்ஸத் தின்னு முடிச்சேன். பாக்கெட்டுல ஒட்டுன தூளத் தட்டி விட்டேன். வாயில வச்சு ஊதுனேன். அவ என்ன பண்ணுறன்னு கூடக் கேக்கல, கண்ணு ரோட்டுலயே இருந்துச்சு. அவ காதுக்குப் பக்கத்துல கொண்டு போயி டப்புனு அடிச்சேன்.

எளுபது மைலு வேகம். நம்ம கணக்குல நூத்துப்பத்துக் கிலோமீட்டரு.

காவ்யா ஆத்தேன்னு ஒரு கத்து கத்துனா. காரு ஒரு மயிரிள எடப்பக்கம் சாஞ்சு, ஓரத்துல பொடைப்பாப் போட்டிருக்குற கோட்டுல ஏறி டர்ர்ர்னு ஒரு சத்தம். அம்புட்டுதான். மறுபடி நேரா வந்துருச்சு. கை ரெண்டும் ஸ்டேரிங்க விடல. நான் அந்தக் கையத்தான் பாத்தேன். நின்ன எடத்துல நின்னுச்சு.

சபாஷ்னு சொல்ல வாயத் தொறந்தேன். அவ மொகத்தப் பாத்துட்டு மூடிக்கிட்டேன்.

6

மோட்டார்வேயில நெனச்ச எடத்துல நிக்க முடியாது. அங்கங்க சாப்பாட்டுக் கடை, பெட்ரோலுன்னு ஒதுக்கி விட்டிருப்பாக, அங்கனதான் நிக்கலாம். அது வர பதினோரு நிமிசம் ஆச்சு. அவ இண்டிகேட்டரு டிக்கு டிக்குனு அடிச்சு உள்ள போயி, கோட்டுக்குள்ள ஒளுங்கா நிப்பாட்டி, சாவிய எடுத்து மடியில வச்சா. அப்புறம்தான் எம்பக்கம் திரும்புனா.

நான் கம்பெனிக் கதையச் சொன்னேன். பை ஊதுறது, கை நிக்கிறது எல்லாத்தையும் சொன்னேன். நீ பாஸு தாயி, கை நின்னுருச்சுன்னு சொன்னேன். அவ கேட்டுக்கிட்டே இருந்துட்டு, அதுல மருந்து இருக்குமான்னு கேட்டா. மருந்து ரூமுல இதச் செய்ய மாட்டோம், பேப்பர் செட்டுல மட்டும்தான்னு நான் பெருமையாச் சொன்னேன். சொல்லி முடிக்கிறதுக்குள்ள, அப்ப ஓடுற காரு எந்த ரூமுன்னு எனக்கே ஒறைச்சுருச்சு.

அவ ஒண்ணும் படிக்காதவ இல்லையே. என்னையவே பாத்தா.

"அம்மாச்சி, நான் ரெடியான்னு நீ பாத்தியா, இல்ல நான் போகக் கூடாதுன்னு நெனச்சியா?"

அவ தமிழு எப்பவும் கொஞ்சம் கோணலா வரும். இந்தக் கேள்வி மட்டும் நேரா வந்துச்சு.

நான் கிளிஞ்ச பாக்கெட்ட நாலா மடிச்சேன். அவ காலேஜு போன நேரம் போக வீட்டுல எங்கூடப் பேசுற ஒரே ஆளு அவதான். செல்வி டூட்டி முடிச்சு வந்தா தூங்கத்தான் நேரம் இருக்கும். காவ்யா காலையில ஆறு மணிக்குப் போனா பொளுது சாய்ஞ்சுதான் வருவா. அதுவரைக்கும் நானும் மூணு டப்பாவும்தான். இது எனக்கு ஊதையில தெரிஞ்சுச்சா, தெரியலையா? அந்தப் புள்ளைக்கு ஆகும்னு தெரிஞ்சப்புறம் எதுக்கு ஊதுனேன்? முப்பது வருசத்துப் பளக்கம் கைய இளுத்துருச்சுன்னு ஒரு பக்கம் தோணுது. பளக்கம்னா மருந்து ரூமுல ஒருநாளும் கை போனதில்லையேன்னு இன்னொரு பக்கம் தோணுது.

காவ்யா எறங்குன்னா. எறங்குனேன். இங்கனயே விட்டுட்டுப் போயிருவாளோன்னு நெனச்சேன். பின்கதவத் தொறந்து விட்டா. வீடு வர பின்னாலதான் உக்காந்து வந்தேன். சின்னப் புள்ளைக தொறக்காம இருக்க அந்தக் கதவுக்கு ஒரு பூட்டு உண்டு. அதையும் போட்டு விட்டா.

7

செல்வி வாசல்லயே நின்னா. பதறுனாளான்னு கேட்டா. காவ்யா ஒண்ணும் சொல்லாம மாடிக்குப் போயிட்டா. என்னையக் காட்டிக் குடுக்கல.

பொய் சொல்லியிருக்கலாம். எனக்குப் பொய் சொல்ல வராதுன்னு நம்ம தெருவுல யாராச்சும் சொல்லுவாகளா? ஆனா அந்தப் புள்ளை வாயத் தொறக்காமப் போனது என்னமோ செஞ்சுருச்சு. நடந்தத நடந்தபடி சொன்னேன். கத்துனா, கை நின்னுச்சு, ஆகும்னு சொன்னேன்.

செல்வி நாற்காலியில உக்காந்துட்டா. ஏசுவான்னு பாத்தேன். அவ வேற ஒண்ணச் சொன்னா.

"எனக்கும் இதத்தானம்மா செஞ்ச. ப்ளஸ் டூ முடிச்சுட்டு கம்பெனிக்கு வந்தனே, அந்த மொத வாரத்துல. நான் குளாய்த் தட்டோட தூக்கி வீசிட்டு ஓடுனேன். இவ ஆக மாட்டான்னு போர்மேன்கிட்ட நீதான சொன்ன. அன்னைலருந்து எனக்குத் தெரியும், நான் பதறுறவன்னு."

அதுக்கு அப்புறந்தான் அவள நர்ஸு படிக்க அனுப்புனது. சுந்தரம், இத நான் ஒன் மாமா கிட்டக் கூடச் சொன்னதில்ல. அன்னைக்கு நான் அவ குனிஞ்சு உருட்டுறது வரைக்கும் காத்திருக்கல. மத்தவளுகளுக்கெல்லாம் ஒரு பை. அவளுக்கு ரெண்டு பையச் சேத்து ஊதி, தட்டத் தூக்கிக்கிட்டு எந்திரிக்கையில காதோரமா அடிச்சேன். யாரா இருந்தாலும் வீசத்தான் செய்வாக. நானா இருந்தாலும் வீசியிருப்பேன். எம்மக மருந்து ரூமுக்கு வந்துரக் கூடாது. அதுக்குத்தான் அடிச்சேன்.

அத அவகிட்டச் சொன்னேன். இருவத்தஞ்சு வருசம் கழிச்சு, கையில காலிச் சிப்ஸ் பாக்கெட்டோட நின்னு சொன்னேன்.

செல்வி அந்தப் பாக்கெட்ட எங்கையிலருந்து வாங்கிக்கிட்டா. "அப்ப நான் பதறுறவ இல்லையா?"ன்னு கேட்டா.

"தெரியாதும்மா. ஒனக்குத்தான் நான் டெஸ்ட்டே வைக்கலையே."

அவ சிரிச்சாளா அளுதாளான்னு என்னால இப்பயும் சொல்ல முடியல. சத்தம் ஒரே மாதிரி இருந்துச்சு. அப்புறம் மேல பாத்து, காவ்யா, நாளைக்கு எத்தன மணிக்குக் கெளம்பணும்னு கேட்டா. மாடியிலருந்து ஆறு மணின்னு பதிலு வந்துச்சு. எங்கிட்டத் திரும்பி, அஞ்சு மணிக்கே அவளுக்கு இட்லி ஊத்திக் குடுத்துரு, ஆனா கார்ப் பக்கம் போகாதன்னா.

8

காவ்யா போக வர இருக்கா. பயந்துக்கிட்டேதான் போறா. மளை பெஞ்ச அன்னைக்கு வந்து எறங்கையில மொகம் வெளுத்திருந்துச்சு. ஆனா வந்துருதா. நான் பகல்ல டி.வி.யப் போட்டு விட்டுட்டு சன்னல்ல நிக்கேன். அவ போகணும்னு நெனைக்கேனா, வேண்டாம்னு நெனைக்கேனான்னு ஒரு நாளைக்கு நாலு தடவை மாத்தி மாத்தித் தோணுது. சாயங்காலம் அவ காரு திரும்புறதப் பாத்ததும் ரெண்டும் மறந்து போகுது.

கடைக்குக் கூட்டிக்கிட்டுப் போறா, ஆனா பின் சீட்டுலதான். தெருவுக்கே தெரிஞ்சு போச்சு. எதுத்த வீட்டு வெள்ளைக்காரப் பாட்டி டோரத்தி, ஏன் முன்னால உக்காரலன்னு கையக் காட்டிக் கேட்டா. பின்னாலதான் காலு நீட்ட வசதின்னு நானும் கையிலயே சொல்லிட்டேன். கோடி வீட்டுப் பஞ்சாபிக்காரருகிட்ட, எங்க ஊருல பெரிய ஆளுக எல்லாம் பின்னாலதான் உக்காருவாகன்னு சொல்லி விட்டேன். அவரு ரொம்ப மரியாதையா ஒரு கும்பிடு போட்டாரு.

பக்கத்து வீட்டு குஜராத்திக்காரி ஹன்சா பென்னுகிட்ட மட்டும் பொய் எடுபடாது. அவளும் எம்மாதிரி ஆளுதான். குப்பை டப்பாவ உருட்டிக்கிட்டே நிசத்தச் சொல்லுன்னா. எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசுல சொன்னேன். பேத்தி டெஸ்ட்டு பாஸு, அம்மாச்சி டெஸ்ட்டு பெயிலுன்னு.

அவ மகன் அந்த டிரைவிங் டெஸ்ட்டுல மூணு தடவை பெயிலானவன். அதனால சட்டமெல்லாம் அவளுக்கு அத்துபடி. கவலப்படாத, பெயிலானா பத்து வேலை நாள் கழிச்சு மறுபடி டெஸ்ட்டுக்குப் போகலாம்னு ரெண்டு கையையும் விரிச்சுக் காமிச்சா. நான் சனி ஞாயிறு சேத்தியான்னு கேட்டேன். சேத்தி இல்லையாம்.